ஆமென் சொல்லியும் எழ முடியாதவன்

ஜெபக் கொட்டகைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன ஜெபம் பண்ணுனீங்க, இப்படி எழுந்து நடக்கிறீங்களே?" தெலுக் அன்சன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் இரண்டு பேர் ஆள்மூலம் கேட்டு அனுப்பினார்கள். வாயால் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் அழகாகிவிடுகிறது. அதனால் எழுதிவைக்கிறேன். தோட்டத்து ஆபீசின் பழைய பேரேட்டில் எழுதாத பக்கங்கள் கிடைத்திருக்கின்றன.

எங்கள் ரப்பர் தோட்டம் ஈப்போவுக்குப் பக்கத்தில், லகாட்டுக்கு மேற்கே இருக்கிறது. அப்பா பால்மரம் வெட்டுகிறவர். அம்மா நான் சிறுவனாக இருந்தபோதே காலமாகிவிட்டார். தங்கை ராகேல் பன்னிரண்டு வயதில் பால் வாளியைத் தூக்கி வேலைக்குப் போனாள், ஏனென்றால் ஒருவரைத்தான் படிக்கவைக்க முடியும், அது நான் என்று முடிவாகியிருந்தது. ஈப்போவில் ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு வந்து, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக உட்கார்ந்தேன். எங்கள் வம்சத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபக் கொட்டகையில் வேதம் வாசித்துப் பேசுகிறவனும் நான்தான். வாசிக்கத் தெரிந்தவர் அங்கே வேறு எவரும் இல்லை.

ஜப்பான்காரர்கள் வந்ததும் வெள்ளைக்காரத் துரை போய்விட்டார். பால் வாங்க ஆளில்லை. மரங்களுக்கு நடுவே மரவள்ளியும் கேழ்வரகும் போட்டோம். ஆபீசில் உட்காருகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் வெள்ளை அரிசி பங்கு கிடைத்தது. என் பங்கை எனக்கே ஆக்கிப் போட்டார்கள். "மூளையால வேல செய்யிற புள்ள. மரவள்ளியத் தின்னா மூள மழுங்கிரும்" என்பார் அப்பா. ஆபீசிலிருந்து வந்து நான் முதலில் சாப்பிடுவேன். சோறு, உப்பு, மிளகாய். நான் எழுந்துபோன பிறகு அவர்கள் இருவரும் சாப்பிடுவார்கள். ஒரு வருடத்துக்கும் மேலாக, அவர்கள் தட்டில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. படிக்கிற பிள்ளை இருக்கிற வீடுகளில் லயத்தில் அதுதான் வழக்கம். அதனால் அது எனக்கு உறுத்தவும் இல்லை.

இரண்டாம் வருடம் பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல ஆரம்பித்தது. பிறகு மரத்துப்போனது. சட்டியிலிருந்து வெந்நீர் காலில் கொட்டியதைக் கொப்பளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்பா வாயு என்று சொல்லி எண்ணெய் தடவினார். நான் ஜெபம் செய்தேன். அந்த மாதம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பேசிவந்தது ஒரே பொருளைப் பற்றித்தான்: கடவுள் தம் வல்லமையைக் காட்டப் பலவீனரைத் தேர்ந்தெடுப்பது. பேசத் தடுமாறும் நாவோடு மோசேயை ராஜாவிடம் அனுப்பினார். கிதியோனின் படையில் ஆள் அதிகம் என்று சொல்லிச் சொல்லி முந்நூறு பேராகக் குறைத்தார். பவுலின் உடம்பில் இருந்த முள்ளை எடுக்காமல் விட்டார். நன்றாகவே பேசினேன். நின்றுகொண்டு பேசினேன்.

நான்காம் ஞாயிறு, பேச்சு முடிந்து எல்லாரும் முழங்காலில் நின்றோம். நான் ஜெபித்து ஆமென் என்றேன். எழப் பார்த்தேன். தொடைக்குக் கீழே எனக்கு ஒன்றுமே இல்லை. வெட்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் ஜெபத்தைத் தொடங்கினேன். எழுந்தவர்கள் அவசரமாகத் திரும்ப முழங்காலிட்டார்கள். மழைக்காக, நாட்டுக்காக, நோயாளிகளுக்காக ஜெபித்தேன். ஆமென் என்றேன். எழ முடியவில்லை. மூன்றாம் முறை தொடங்கியபோது பின்னால் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று அவர்கள் நினைத்தார்கள். ராகேல் மட்டும் எழுந்து என் பக்கத்தில் வந்து குனிந்து, "அண்ணே, கால் வரலியா?" என்று காதில் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் என் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

மறுநாள் இரவல் வாங்கிய சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்து, ஈப்போ வரைக்கும் அவளும் அப்பாவும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வழியில் ஜப்பான்காரர்களின் காவல் சாவடி. இறங்கிக் குனிய வேண்டும் என்பது சட்டம். என்னால் இறங்க முடியவில்லை. ராகேல் ஒருமுறை குனிந்தாள். பிறகு என்னைக் கைகாட்டி எனக்காக இன்னொருமுறை குனிந்தாள். சிப்பாய் அவள் கன்னத்தில் அறைந்தான். பின்பு வந்து என் காலைத் துப்பாக்கியின் கட்டையால் அழுத்திப் பார்த்தான். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. போகச் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடத்தில் தரையெல்லாம் ஆட்கள். புண் நாற்றமும் கார்பாலிக் நாற்றமும் கலந்திருந்தன. காலையில் போய் மாலையில்தான் டாக்டரைப் பார்த்தோம். அவர் என் முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். நல்ல கால் என்றால் அது தானாக முன்னால் துள்ள வேண்டும். என்னுடையது மூட்டைபோலத் தொங்கியது. பெரிபெரி என்று சீட்டில் எழுதினார். உடம்புக்கு வேண்டிய ஒரு சத்து இல்லாமல்போனால் நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்தும். சிலருக்குக் கால் காய்ந்து சூம்பும், சிலருக்கு நீர் கோத்து வீங்கும். வீக்கம் மேலே ஏறினால் நெஞ்சைப் பிடிக்கும். நெஞ்சைப் பிடித்தால் நேரம் அதிகம் இருக்காது. என்னுடையது வீங்குகிற வகை.

வார்டைப் பார்த்துக்கொண்டவர், புண்ணுக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் ஒரு டிரசர். யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்ததை நூலால் கட்டியிருந்தார். காலையில் அவர் செய்யும் சோதனை ஒன்றுதான். "குந்தி எழும்புங்கோ." கையை எதிலும் ஊன்றாமல் குந்தி எழுந்தவன் தேறினவன். முடியாதவன் கட்டிலுக்கு. முதல் நாள் நான் குந்தியதும் அப்படியே பின்னால் சாய்ந்தேன்.

"ஊசி எல்லாம் முடிஞ்சுது, தம்பி" என்றார். "உமக்குச் சத்துக் காணாது. இப்ப இருக்கிற மருந்து இதுதான். ரெண்டு வேளையும் குடியும்."

தகரக் குவளையில் பழுப்பாக ஏதோ இருந்தது. முகர்ந்தேன். தவிடு. தவிட்டை வேகவைத்து, வடித்து, உப்புப் போட்ட தண்ணீர். எங்கள் தோட்டத்தில் மாட்டுத் தொட்டியில் ஊற்றுவது.

இந்த இடத்தில் உண்மையை எழுத வேண்டும். நான் அதைக் குடிக்கவில்லை. ஒரு வாய் வைத்தேன், குமட்டியது. டிரசர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் ஜன்னலுக்கு வெளியே ஊற்றினேன். இரண்டு வாரங்களுக்கு மேல் அப்படித்தான் செய்தேன். மருந்தைவிட விசுவாசம் பெரியது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது விசுவாசம் இல்லை. ஆங்கிலப் பள்ளியில் படித்தவன் மாட்டுத் தீனியைக் குடிப்பதா என்பதுதான். சத்துக் காணாது என்று டிரசர் சொன்னதை நான் சோறு போதாது என்று புரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ராகேல் தூக்குச் சட்டியில் வெள்ளைச் சோறு கொண்டுவருவாள். பெரிய கிராணி இன்னும் என் பெயரைப் பட்டியலில் அடிக்கவில்லை, அரிசிப் பங்கு வந்துகொண்டிருந்தது. பார்க்க வருகிறவர்களின் நேரத்தில் டிரசர் இருக்கமாட்டார். அந்தச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றேன். அதுதான் எனக்குப் பலம் என்று நினைத்தேன். ராகேலும் அப்படியே நினைத்து, நான் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

பக்கத்துக் கட்டிலில் முத்தையா அண்ணன் இருந்தார். செட்டிநாட்டுக்காரர். ஈப்போவில் ஒரு செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் கணக்கெழுதியவர். கணுக்காலில் முள் குத்தியது புரையோடி, தட்டளவு புண். தினமும் டிரசர் அதைக் கரண்டியால் சுரண்டுவார். சுரண்டும்போது முத்தையா அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு என்னை எதையாவது சொல்லச் சொல்வார்.

"ஏம்பா கிராணி, உங்க வேதத்துல இருந்து ஒரு கதை எடுத்து விடு. சும்மா கெடந்தா வலி தெரியுது."

கிதியோனைச் சொன்னேன். முப்பத்திரண்டாயிரம் பேர் முந்நூறாகக் குறைந்ததைச் சொன்னேன். ஜெயித்தால் தன் கையால் ஜெயித்தேன் என்று எவனும் சொல்லிக்கொள்ளக் கூடாது, அதற்காகத்தான் கடவுள் குறைத்தார் என்றேன்.

"இது என்ன யாவாரம்? கைமொதலக் கொறச்சுக்கிட்டு லாபம் தேடுறாரு உங்க சாமி" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நானும் பாக்குறேன், நேத்துச் சொன்னது திக்குவாயி. இன்னிக்கு முந்நூறு பேரு. வேலைக்கு நல்ல ஆளே கெடைக்கலையாங்கிறேன்?"

மறுநாள் பவுலைச் சொன்னேன். முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை கேட்டார், எடுக்கப்படவில்லை, உன் பலவீனமே என் பலம் தங்கும் இடம் என்பதுபோலப் பதில் வந்தது என்று சொன்னேன்.

"மூணே தடவையா கேட்டாரு? நா நேத்து ஒரு நாள்ல முப்பது தடவ கேட்டேன்."

டிரசருக்கும் சிரிப்பு வந்து கரண்டி நின்றது. "ஆடாதையும், ஐயா" என்றார்.

எதிர்க் கட்டிலில் லம்பத்தில், ஈயச் சுரங்கத்தில், வேலை செய்த சீன வாலிபன் ஒருவன். என்னைப்போல வீங்கின கால். ஒருநாள் மதியம் கஞ்சி வாங்கக் கிண்ணத்தை நீட்டினான். நீட்டியபடியே பக்கவாட்டில் சாய்ந்தான். ஊற்றியவள் கஞ்சி சிந்தியதற்குத் திட்டினாள். மூச்சில்லை என்பதைப் பிறகுதான் பார்த்தாள். நெஞ்சைப் பிடித்தால் நேரம் அதிகம் இருக்காது என்பது என்னவென்று அன்று தெரிந்தது. அந்த வாரம் என் வீக்கம் இடுப்புக்கு வந்திருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தே தூங்கினேன். குரலும் கம்மிப்போனது. முத்தையா அண்ணன் கதை கேட்பதை நிறுத்திக்கொண்டார். டாக்டர் என் மார்பில் குழாயை வைத்து அதிக நேரம் கேட்டார். பிறகு டிரசரிடம் ஆங்கிலத்தில், எனக்குப் புரியாது என்று நினைத்து, இன்னும் ஒரு வாரம் தாங்கினால் ஆச்சரியம் என்றார்.

எனக்குப் புரிந்தது. படிப்பு அன்று எனக்குப் பயன்பட்டது அதற்கு மட்டும்தான்.

மூன்றாம் ஞாயிறு ராகேல் தூக்குச் சட்டியோடு வந்தாள். பத்து மைல் நடந்து வந்த வேர்வை முகத்தில். அன்றைக்கு, வழக்கத்துக்கு மாறாக, டிரசர் வார்டில் இருந்தார். ராகேல் மூடியைத் திறந்ததும் அவர் நின்றுவிட்டார்.

"ஆர் இது கொண்டுவந்தது?"

"நாந்தாங்கய்யா. அண்ணனுக்கு."

"இவர் எப்பவும் இதையோ சாப்பிடுறவர்?"

"ஆமாங்க. எங்க வீட்டுல அண்ணன் மட்டும் எப்பவும் வெள்ளச் சோறுதாங்க." அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

"நீர் என்ன சாப்பிடுறனீர்?"

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்பதுபோல. "எங்களுக்கு என்னங்க… கேப்பக் கூழு. கீரை கெடச்சா கீரை. சீனன் மில்லுல தவுடு சும்மா அள்ளிக்கிறச் சொல்வான். அதக் கேப்ப மாவுல போட்டு ரொட்டி சுடுவோம்." ஏதோ குற்றம் செய்ததுபோல அவசரமாகச் சேர்த்தாள், "சலிச்சுட்டுத்தாங்க சுடுவோம்."

"எத்தனை நாளா?"

"ஜப்பான்காரன் வந்ததுலருந்துங்க."

"குந்தும்."

"என்னங்க?"

"அந்தச் சட்டியை வச்சுட்டுக் குந்தி எழும்பும், பாப்பம்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டியைக் கீழே வைக்காமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டே குந்தினாள். எழுந்தாள். இன்னொருக்கா என்றார் டிரசர். குந்தி எழுந்தாள். வார்டில் யாரோ "சத்து!" என்று மலாய் மொழியில் ஒன்று, இரண்டு எண்ண ஆரம்பித்தார்கள். "டுவா! தீகா!" எல்லாக் கட்டில்களும் சேர்ந்துகொண்டன. புண்ணைத் தூக்கிவைத்திருந்தவர்களும் தலையணையைத் தட்டினார்கள். ராகேல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், ஆனால் நிறுத்தவில்லை. பத்துவரை போனாள். சைக்கிளில் என்னைத் தள்ளிவந்தவள், என் தோளுக்குக்கூட வராதவள், நாற்பது பேர் எழ முடியாமல் கிடக்கும் வார்டின் நடுவே பந்துபோல எழுந்து எழுந்து நின்றாள்.

டிரசர் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு பொறுமையாகச் சொன்னார். "பிள்ளை, அரிசியின்ர மேல்தோலில தான் அந்தச் சத்து இருக்கு. தீட்டித் தீட்டி வெள்ளையாக்கினால் அது தவிட்டோட போயிடும். நீங்கள் தவிட்டையும் கேழ்வரகையும் திண்டியள். உமக்கு ஒண்டுமில்லை. இவர் வெறும் வெள்ளைச் சோறு திண்டார். இவருக்கு இது."

சிரிப்பு அவள் முகத்திலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். சட்டியைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள்.

"அப்ப… நாங்கதான் அண்ணனுக்கு வெசம் வச்சமா?"

டிரசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் நான் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் கம்மிப்போன குரல் எழும்பவில்லை. சொன்னவர் முத்தையா அண்ணன்.

"அழாதே ஆத்தா. நீ வச்சது பாதிதான். மீதிய அவனே வச்சுக்கிட்டான். இங்க குடுக்கிற தவுட்டுத் தண்ணிய ஒரு நாளு குடிச்சிருப்பானாங்கிறே? அம்புட்டும் சன்னலுக்கு வெளிய. டிரசர் ஐயா, கீழ ஒங்க கோழிய எட்டிப் பாருங்க, எப்படிக் கொழுத்துக் கெடக்கு. அதுக குந்தி எழுந்திரிக்கும்."

டிரசர் ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தார். அந்தப் பஞ்சத்திலும் அவர் பூட்டிக் காத்துவந்த கோழிகள் அங்கே நின்றன. திரும்பி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "கிராணியார்" என்று மட்டும் சொன்னார். அதுவரை தம்பி என்றுதான் கூப்பிட்டுவந்தார்.

ராகேல் கட்டிலடியில் இருந்த குவளையை எடுத்தாள். காலையில் கொடுத்தது, இன்னும் ஊற்றாமல் இருந்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "இம்புட்டுதானாண்ணே? எங்க கூழுக்கு இது எவ்வளவோ தேவல." என் வாயருகே வைத்தாள். குடித்தேன். ஆறிப்போயிருந்தது, அடியில் மண்போல இருந்தது. அவள் குவளையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தாள். வெள்ளைச் சோற்றை முத்தையா அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் கீரையோடு கலந்து நாலு கட்டிலுக்குப் பங்கு வைத்தார்.

சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு நான் நினைத்தது இவ்வளவுதான். அந்தக் கதைகளில் என்னை நான் எப்போதும் மோசேயாகவும் பவுலாகவும் வைத்துக்கொண்டேன். பலவீனத்தைப் பற்றிப் பேசுகிற பலவான் நான். கிதியோனோடு போன முந்நூறு பேரின் பெயர்கள் வேதத்தில் இல்லை. அவர்கள் யாராக இருந்திருக்கக் கூடும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. மனிதர் தள்ளிவிட்டதில் கடவுள் தம் பலத்தை வைக்கிறார் என்று நான்கு ஞாயிறு பேசினேன். அது என் வீட்டிலேயே, எனக்குப் பிறகு சாப்பிட்டவர்கள் தட்டில் இருந்தது.

அடுத்த மூன்று நாட்கள் எப்படிப் போயின என்று சரியாக நினைவில்லை. நான்காம் நாள் சிறுநீர் நிறையப் போனது. இது நல்ல குறி, கோத்த நீர் வடிகிறது என்றார் டிரசர். ஒரு வாரத்தில் படுத்துத் தூங்கினேன். பிறகு வலி வந்தது. செத்த நரம்பு உயிர்க்கும்போது நெருப்பாக எரியும் என்று எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. புதன்கிழமை அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை ராகேலும் தவிட்டு ரொட்டி கொண்டுவந்தார்கள். அப்பா நம்பவே இல்லை. "வெள்ளச் சோறு யாரயாச்சும் சாய்க்குமா? பொழப்பத்த பேச்சு" என்று முணுமுணுத்தபடியே ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பார். ஆறாம் வாரம், கட்டிலைப் பிடித்துக் குந்தி எழுந்தேன். எட்டாம் வாரம், பிடிக்காமல் எழுந்தேன். வார்டு சத்து என்றது. டுவா என்பதற்குள் விழுந்தேன். பத்தாம் வாரம் வீட்டுக்குப் போகச் சீட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

புறப்படும்போது முத்தையா அண்ணன், "போயிட்டு வா. ஆனா நா ஒன்னு சொல்றேன், உங்க சாமி ஆளு புடிக்கிறதுல கெட்டிக்காரர்தான்" என்றார்.

"என்னைச் சொல்லாதீங்க அண்ணே."

"ஒன்ன யாரு சொன்னா?"

அவருடைய கால் பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் இருந்த மாதங்களில் தோட்டத்தின் வாலிபர்களில் பாதிப் பேரை, சயாமில் ரயில் பாதை போட என்று லாரியில் ஏற்றிப்போயிருந்தார்கள். பெரட்டுக் களத்தில் காலையில் பெயர் கூப்பிட நிற்கும் வரிசை பாதியாக இருந்தது. இன்னும் எவரும் திரும்பவில்லை. உன் கால் முடங்கியது கடவுள் உன்னைக் காப்பாற்றிய வழி என்று சிலர் சொல்கிறார்கள். போனவர்களுக்கும் அதே கடவுள்தான் என்பதால் நான் அப்படிச் சொல்வதில்லை.

வீட்டுக்கு வந்த அன்று அப்பா ஒரு பிடி வெள்ளை அரிசி சேர்த்துவைத்து ஆக்கியிருந்தார். இவ்வளவுக்குப் பிறகும். நான் அதைக் கேழ்வரகுக் கூழ்ப் பானையில் போட்டுக் கலக்கினேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தோம். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. என் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்து, மறுபக்கம் திரும்பிச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் பவுலின் முள்ளைப் பற்றி வாசித்தேன். பேசவில்லை. வாசித்ததோடு நிறுத்திக்கொண்டு எல்லாரும் முழங்காலில் நின்றோம். சயாமுக்குப் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆமென் என்றேன்.

ஒருவரும் எழவில்லை. நான் எழுகிறேனா என்று பார்க்கிறார்கள் என்பது முதுகில் தெரிந்தது. பின்னாலிருந்து ராகேல் எழுந்து வந்து, கேட்காமலே கையை நீட்டினாள். தனியாகவே எழுந்திருக்க முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அன்று காலையில் வீட்டில் மூன்று முறை எழுந்து பார்த்திருந்தேன்.

கையைப் பிடித்துக்கொண்டேன்.